இருபத்தெட்டு

"மூச்சை விடு" என்றாள் தையல்காரி.

செண்பகா விடவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் விறைப்பாக நின்றாள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"விடும்மா. நீ மூச்சுப் பிடிச்சா டேப்புக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

விட்டாள். டேப் இறுகியது.

கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. இந்த ஜாக்கெட்டைப் பிடிப்பது இது நான்காவது முறை. நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அளவு கொடுத்தபோது இடுப்பு முப்பத்து மூன்று. அதற்குத் தைத்து, முதுகில் இரண்டு மயில் வைத்து ஆரி வேலையும் செய்து கொடுத்தாகிவிட்டது. அதன்பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை கையில் ஜாக்கெட்டோடு வந்து நிற்கிறாள். லூசா இருக்குக்கா. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கா.

பிடித்துப் பிடித்து மயில்களின் தோகை தையலுக்குள் போய்விட்டது.

இனிப் பிடித்தால் மயிலே இருக்காது.

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபத்திரண்டு வருடமாகக் கோவில்பட்டியில் இந்த ஒரே கடை. ஊரில் எந்த டயட் ஓடுகிறது என்று டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுடைய டேப்புக்குத் தெரிந்துவிடும். வெந்நீரில் தேன் விட்டுக் குடித்தார்கள். ஏழு நாள் முட்டைக்கோஸ் சூப் குடித்தார்கள். சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதாமை எண்ணி எண்ணித் தின்றார்கள். எல்லாரும் ஜாக்கெட்டைப் பிடிக்க வந்தார்கள். ஆறு மாதம் கழித்து எல்லாரும் அதே ஜாக்கெட்டைப் பைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு, பிரித்துவிடச் சொல்லி வந்தார்கள். பேங்க் மேடத்துக்கு உள்ளே விட்டிருந்த துணியும் போதாமல் ஒட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர்களையெல்லாம் பார்த்து அவள் வாய்விட்டே சிரித்திருக்கிறாள்.

இந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

இவளுக்கு மூன்று வேளையும் வெள்ளரிக்காய் ஜூஸ். பதினெட்டு நாளில் பத்து கிலோ குறையும் என்று ஃபோன் வீடியோவில் எவளோ ஒருத்தி சொல்கிறாளாம். அந்த எவளோ ஒருத்தி மட்டும் கையில் கிடைக்கட்டும்.

"எவ்வளவுக்கா?"

"பொறு."

முதுகில் கிடந்த பின்னலை ஒதுக்கினாள். ஒரு கொத்து முடி விரலோடு வந்தது.

அந்த நேரத்தில்தான் செண்பகா திரையைப் பிடித்தாள். திரை கம்பியோடு கழன்று விழுந்தது. தையல்காரி அவளைத் தாங்கி ஸ்டூலில் உட்காரவைத்தாள். உள்ளங்கை சில்லிட்டுக் கிடந்தது.

"ஒண்ணுமில்லக்கா. கண்ணைக் கட்டிட்டு. ஜூஸ் குடிக்க நேரமாயிட்டுல்லா, அதான்."

பதினோரு மணி டீக்கு வாங்கி வைத்திருந்த தேங்காய் பன்னைத் தட்டோடு நீட்டினாள் தையல்காரி. செண்பகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருபத்தெட்டு வந்தப்பெறவு திங்கேன்."

அது மாப்பிள்ளையின் அக்கா சொன்ன கணக்கு. நிச்சயதார்த்தப் பந்தியில், எல்லார் காதிலும் விழ, என் கல்யாணத்துல என் இடுப்பு இருபத்தெட்டு என்றாளாம். செண்பகாவின் இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாளாம். மாப்பிள்ளை சிரித்தானாம்.

அந்தப் பாயசத்தை எடுத்து அவள் தலையில் ஊற்ற அங்கே ஒருத்தருக்கும் கை வரவில்லை. செண்பகாவைப் பெற்றவளாவது இந்தப் பட்டினியைக் கண்டிக்கலாம். முகம் ஒட்டியபிறகு ஃபோட்டோவில் மகள் லட்சணமாக விழுகிறாள் என்று அவளுக்கும் பூரிப்புத்தான்.

கல்யாண மேடையில் சுருண்டு விழுந்தால் எல்லாரும் திருஷ்டி என்பார்கள்.

"நில்லு. அளந்து சொல்லுதேன்."

செண்பகா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இந்த முறை மூச்சைப் பிடிக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

முப்பதரை.

இத்தனை வருடத்தில் தையல்காரி டேப்பைக் கால் இஞ்ச்கூட மாற்றிச் சொன்னதில்லை. பேங்க் மேடம் கெஞ்சிக் கேட்டபோதும் சொல்லவில்லை. பொய்யளவு சொல்கிற கைக்கு எவள் துணி கொடுப்பாள்?

"இருபத்தெட்டு" என்றாள்.

"நெசமாவாக்கா?"

"பின்ன? டேப்பு பொய் சொல்லுமா?"

செண்பகா கண்ணை மூடித் திறந்தாள். அந்த முகத்தில் எங்கிருந்து அவ்வளவு வெளிச்சம் வந்ததென்று தெரியவில்லை. நிச்சயதார்த்தத்தன்றுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

தையல்காரிக்கு நெஞ்சு லேசானது. சாயங்காலமே பழைய தையலைப் பிரித்து, அவள் தேறுவதற்கும் சேர்த்து முப்பத்திரண்டுக்கு விட்டுத் தைத்துவிடலாம். மயிலுக்குத் தோகையும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். போட்டுப் பார்க்கிறவளுக்கு இஞ்ச் கணக்கா தெரியப்போகிறது? ஒரு வாரம் வயிறாரச் சாப்பிட்டாலே கன்னத்தில் ரத்தம் ஊறிவிடும்.

டேப்பை உருவிக்கொண்டு, தட்டைக் கண்ணால் காட்டினாள்.

செண்பகா பன்னை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஒரு ஓரத்தைப் பிய்த்தாள். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் மடியில் உதிர்ந்தன. வாய்வரைக்கும் கொண்டுபோனாள்.

அங்கேயே நிறுத்தினாள்.

"எட்டு நாள் இருக்குல்லாக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அப்ப இருபத்தாறே வந்துரும்."

பிய்த்த துண்டைப் பன்னோடு சேர்த்து ஒட்டி, தட்டில் வைத்தாள். மடியைத் தட்டிவிட்டாள்.

தையல்காரியின் கட்டைவிரல் டேப்பில் இன்னும் முப்பதரையின் மேல்தான் அழுந்தியிருந்தது.