மிச்சம் விட்ட கம்பி

“ரயிலே ஏறாத ஏற்காட்டுல உங்களுக்கு ரயிலுங்களா? மெதுவா ஓட்டுங்க, மாடியில பாப்பா காய்ச்சலோட தூங்குறா,” என்றாள் என் மனைவி சிவரஞ்சனி.

பொம்மை ரயில் ஏறும் சுருள்பாதையை அன்றுதான் முடித்திருந்தேன். பிளைவுட் வளையங்களை மரை போட்ட நெடுங்கம்பிகள் தாங்கும். நட்டைத் திருகித் திருகி ஏற்றத்தைச் சீராக்கலாம். பின்னால் மாடி எடுக்க வீட்டுத் தூண்களில் கம்பி விடுவதுபோல, பிறகு இன்னொரு சுற்று கூட்டலாமென்று கம்பிகளை வெட்டாமல் சீலிங் வரை விட்டிருந்தேன்.

ரயில் ஏறி, உச்சி வளையத்தில் நின்றது. சுவிட்சை அணைத்தேன். சக்கரச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. வெறும் கம்பிகளைச் சுற்றிச் சுற்றி மேலேறி, சீலிங்கைத் தாண்டிப் போய் அடங்கியது.

மாடியிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, ரயில் வந்துருச்சுங்க. ஏறிக்கட்டுங்களா?”

நாங்கள் படியேறி ஓடுவதற்குள் சத்தம் மறுபடி கிளம்பிவிட்டது.