ஹாப்மனுக்குப் பனி வேண்டும்

"பனி இல்லாம படம் எடுத்தா எவன் நம்புவான்? எல்க்குன்னா பின்னால வெள்ளை வெளேர்னு இருக்க வேண்டாமா?" என்றார் ஹாப்மன்.

ஆம்ஸ்டர்டாமில் அடுக்குமாடி வீடுகள் விற்பவர். வேட்டைக்கு நாள் குறிப்பதற்கென்றே ஆகஸ்டில் விமானம் ஏறி, வடக்கு ஸ்வீடனின் இந்தச் சிற்றூருக்கு வந்திருந்தார். உடம்பெல்லாம் இலைப்படம் போட்ட புத்தம்புது உடை. ஸ்வெயாவின் சமையலறையில் ஏதோ ஒரு செடி உட்கார்ந்து காபி குடிப்பது போலிருந்தது.

ஸ்வெயா ஊர் வேட்டைக் குழுவின் தலைவி. இருபது பேர் துப்பாக்கியோடு காட்டில் நிற்கும்போது அவள் வைத்ததுதான் சட்டம். இன்றைக்கோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஹாப்மன் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழுவின் பழைய ஆளான ஹில்டிங், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. போன வருடம் காட்டை வாங்கிய ஸ்டாக்ஹோம் முதலாளி கடிதம் போட்டிருந்தார். 'பெரியவர் என் நண்பர் ஹாப்மனுக்கு. அவர் கேட்டதையெல்லாம் கேட்டபடி செய்து, அவர் கையெழுத்தையும் வாங்கி அனுப்பினால், அடுத்த பத்து வருடமும் காடு உங்கள் குழுவுக்கு. இல்லையென்றால் வேறு குழுவுக்கு.'

பெரியவர் என்பது இருபத்திரண்டு கிளைக் கொம்புள்ள கிழட்டு எல்க், குதிரை உயரக் காட்டுமான். எத்தனையோ முறை துப்பாக்கிக்கு நேராக வந்து நின்று, அசைபோட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் சுட மனம் வரவில்லை. ஸ்வெயாவின் ஆப்பிள் மரத்தைப் பாதி தின்றதும் அதுதான். திட்டினாளே தவிர, அவளும் சுடவில்லை. காடும் போகக்கூடாது, பெரியவரும் போகக்கூடாது. மூன்று நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"செப்டம்பர் முதல் திங்கக்கிழமை வேட்டை ஆரம்பம்," என்றார் ஹில்டிங். "அப்ப பனி கிடையாது. கொசு உண்டு."

"கொசுவோட எவன் படம் எடுப்பான்? அக்டோபர்?"

"சேறு," என்றாள் ஸ்வெயா.

"பனி எப்பத்தான் நிச்சயமா இருக்கும்?"

ஸ்வெயாவின் பேனா நின்றது.

"ஜனவரில இருக்கும். இடுப்பளவு. மாசக் கடைசி வரைக்கும் சுட அனுமதியும் உண்டு."

ஹில்டிங் வாயைத் திறந்தார். மேசைக்கடியில் ஸ்வெயா அவர் காலை மிதித்தாள். திறந்த வாயில் பன்னைத் திணித்துக்கொண்டார்.

"குளிர் மைனஸ் இருபத்தஞ்சு வரைக்கும் போகும். நல்லா யோசிச்சுக்குங்க," என்றாள்.

"சூடாகிற நாற்காலி வேணும், எழுதுங்க. அப்புறம், நான் நடக்க மாட்டேன். முட்டி சரியில்ல."

"அப்ப ஜனவரிதான் தோது. பனி ஏறிட்டா பெரியவர் பைன் தோப்பை விட்டு நகர மாட்டார். பனி ஸ்கூட்டர்லயே கூட்டிட்டுப் போய் நாப்பது மீட்டர்ல உக்கார வச்சிடறேன்."

"இடது பக்கம் பாத்து நிக்கணும். படத்தை மாட்டப்போற எங்க வீட்டு மாடிப்படிச் சுவர் அப்படி."

"சொல்லிப் பாக்கறேன்," என்று அதையும் எழுதிக்கொண்டாள். "சரி, இந்த மிருகத்தைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுக்கணுமா? எந்த மாசம் எப்படி இருக்கும், என்ன ஏதுன்னு..."

"ஏழு நாட்டுல வேட்டையாடினவன் நான். எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

"ரெண்டு நிமிஷம்தான்..."

"அம்மா, எழுதற வேலையை மட்டும் பாருங்க."

பார்த்தாள். ஹாப்மன் எழுந்து, இரண்டு கைகளையும் அகல விரித்தார். "கொம்பு இவ்வளவு இருக்குமா?"

"இன்னிக்கு அதுக்கு மேலயே இருக்கும்," என்றாள் ஸ்வெயா.

கார் வளைவைத் தாண்டும்வரை ஹில்டிங் ஜன்னல் பக்கம் திரும்பியே நின்றார். அவர் தோள்கள் குலுங்கின.

"போதும் ஹில்டிங், கண்ணைத் தொடச்சுக்கோ. ஊருக்குள்ள ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே."

"எப்படி விடுவேன்," என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி.

ஜனவரி மூன்றாம் வாரம் ஹாப்மன் வந்து இறங்கினார். இடுப்பளவு பனி, மேலே துடைத்துவிட்டது போல் வானம். சூடான நாற்காலி, முட்டிக்குக் கம்பளி. ஸ்வெயா பட்டியலை நீட்டினாள்.

"எல்லாம் கேட்டபடி இருந்ததுன்னு ஒரு கையெழுத்து. சுட்டப்புறம் கை நடுங்கும், இப்பவே போட்டுடுங்க."

தோப்புக்குள் பழுப்பாக ஒன்று அசைவதைப் பார்த்துவிட்ட பரபரப்பில் ஹாப்மன் கிறுக்கிக் கொடுத்தார். துப்பாக்கியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். நாற்பது மீட்டரில் கருவேலம்பட்டை நிறத்தில் ஒரு பெரிய உருவம், நிஜமாகவே இடது பக்கம் பார்த்தபடி பைன் கிளையை மென்றுகொண்டிருந்தது.

ஹாப்மன் துப்பாக்கியை இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடியும் இறக்கினார்.

"என்னம்மா இது, மொட்டைத் தலையா ஒரு பெட்டை நிக்குது. பெரியவர் எங்கே?"

"பெட்டை இல்லீங்க, அவரேதான். கிடாவுக்குக் கொம்பு வருஷா வருஷம் டிசம்பர்லயே விழ ஆரம்பிச்சிடும், அதுலயும் பெரிய கொம்புதான் முதல்ல," என்றாள் ஸ்வெயா, பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தபடி. "ஆகஸ்ட்லயே சொல்லியிருப்பேன், நீங்கதான் பாடம் எடுக்காதேன்னீங்க."