கறுப்புக்கு ஏற்ற தடுப்பு

“பதினைஞ்சு நகர்வுக்குள்ளை அவவை முடிச்சுப்போடலாம், அண்ணை. ரெண்டு தரம் இதே மாதிரித் தோத்து, கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பிப் போனவவாம்.”

பாலேந்திரா கைபேசியைத் திருப்பிக் கிறிஸ்துராஜாவுக்குக் காட்டினார். திரையில் ஒரு சதுரங்கப் பலகை. லண்டனில், மோர்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்து றோல்ஸ் கடையில், இருவருக்கும் நடுவே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. தேவாலயப் பங்கு மண்டபத்தில், ஸ்ட்ரெதம் சதுரங்கக் கழகத்துடன் கடைசிப் போட்டி. வெல்லாவிட்டால் மோர்டன் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்.

பஸ் ஓட்டும் பாலேந்திராதான் அணித் தலைவர். ஜெர்மனியிலிருந்து வந்து ஹவுன்ஸ்லோவில் மாபிள் பதிக்கும் கிறிஸ்துராஜா, கழகத்தில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஸ்ட்ரெதமுடன் விளையாடும்போது தனக்கு மூன்றாம் மேசை வேண்டும்.

மூன்றாம் மேசையில் அவருக்கு எதிரே உட்காரப்போகிறவள் ஷெறோன். இருபத்திரண்டு வயது. வெள்ளைக் காய் கிடைத்தால், ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித்தான் தொடங்குவாள். நாளைக்கு வெள்ளை அவளுக்குத்தான். அவள் ஆடிய முப்பத்தெட்டு ஆட்டங்களையும் கிறிஸ்துராஜா அச்செடுத்து வைத்திருந்தார்.

“பெனோனித் தடுப்பு விளையாடுங்கோ,” என்றார் பாலேந்திரா. “தொடக்கத்திலையே அடிபாடுதான். ஒண்டில் அவ, இல்லாட்டி நீங்கள்.”

“அது வேண்டாம்.”

“அப்ப கிங்ஸ் இந்தியன். முதல் பதுங்கி இருந்துபோட்டு, பிறகு அவவின்ர ராஜாவிலை பாயலாம்.”

கிறிஸ்துராஜா அதற்கும் சம்மதிக்கவில்லை. “எது கனநேரம் இழுபடும்? அதைச் சொல்லும்.”

பாலேந்திரா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். “குவீன்ஸ் காம்பிற் டிக்ளைன்ட். அவ சும்மா தாற சிப்பாயை வெட்டாமல், நடுவை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கவேண்டியதுதான். நாலு மணித்தியாலம் போனாலும் போகும். பாக்கிற எங்களுக்கு நித்திரை வரும்.”

“அதைத்தான் விளையாடப் போறன்.”

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. உங்களுக்கு வெல்லுற எண்ணம் இருக்கோ?”

கிறிஸ்துராஜா காகிதங்களை அடுக்கி உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் பின்னேரம் இரண்டு மணிக்கு ஷெறோன் வந்தாள். ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பலகையைப் பார்த்தபடியே “குட் லக்” என்றாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே வந்தது. கிறிஸ்துராஜா தன் சிப்பாயால் அதை மறித்தார். அடுத்ததாக அவள் பக்கத்துச் சிப்பாயை வெட்டக் கொடுத்தாள். அவர் வெட்டவில்லை. தாளில் நகர்வை எழுதும்போது பேனை இரண்டு தரம் வழுக்கியது.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஷெறோனின் குதிரை ஒன்று காவலில்லாமல் நின்றது. பின்னால் நின்ற பாலேந்திரா மூச்சைப் பிடித்துக்கொண்டார். கிறிஸ்துராஜா இருபது நிமிடம் யோசித்தார். பிறகு, குதிரையை வெட்டாமல், ஓரத்தில் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

பாலேந்திரா வெளியே போய் மழையில் நின்றார். ‘இந்த மனுசனை ஆராவது விலைக்கு வாங்கிப்போட்டாங்களோ?’

திரும்பி வந்தபோது குதிரை பத்திரமான இடத்துக்குப் போயிருந்தது. ஷெறோனும் அதன் பிறகு பாயவில்லை. ராஜாவை ஒரு கட்டம் முன்னே வைத்தாள். பத்து நிமிடம் கழித்து அதையே பின்னே எடுத்தாள்.

ஐந்தரை மணிக்கு மற்ற ஐந்து மேசைகளும் முடிந்துவிட்டன. மோர்டனுக்கு மூன்று, ஸ்ட்ரெதமுக்கு இரண்டு. இந்த ஆட்டம் சமனில் முடிந்தாலே போதும், மோர்டன் தப்பிவிடும். எல்லோரும் மூன்றாம் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

பலகையில் இரண்டு ராஜாக்களும், ஒன்றையொன்று மறித்து நின்ற சில சிப்பாய்களும்தான் மிச்சம். யாருக்கும் வெல்ல வழியில்லை. இனி யாராவது பிழை விட்டால்தான் உண்டு.

பாலேந்திரா குனிந்தார். “அண்ணை, சமன் கேளுங்கோ. அரைப் புள்ளி காணும்.”

கிறிஸ்துராஜா அசையவில்லை. மணிக்கூட்டில் அவருக்கு எட்டு நிமிடம் இருந்தது. அது ஏழானது. ஆறானது.

“அண்ணை! எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம். கேளுங்கோ!”

அவர் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். இனிச் சொல்ல ஒரு சாட்டும் இருக்கவில்லை. வலது கையை மெதுவாகப் பலகைக்கு மேலால் நீட்டினார்.

“டிரோ?” என்று சமன் கேட்டார்.

ஷெறோன் அந்தக் கையைக் குலுக்கவில்லை. விரல்நுனியால் தொட்டு, அவர் பக்கமே தள்ளிவிட்டாள். பாலேந்திரா மணிக்கூட்டை எட்டிப் பார்த்தார். வெல்லாமல் விடமாட்டாள் போலிருக்கிறதே!

அன்றைக்கு முதல் தடவையாக அவள் நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இப்பவே முடிக்க வேண்டாம், அப்பா.”