பல் டாக்டர் ஓட்டிய பஸ்

"அப்பாவைக் கொன்னுடலாமா?" என்று கேட்டார் தயாரிப்பாளர்.

"வேண்டாம் சார். ஜெயிச்சா அந்தப் பொண்ணு கோர்ட்டுல நின்னுக்கிட்டே அப்பாவுக்குப் போன் போடுவா. மாட்டிப்போம்" என்றாள் பின்னணி.

விளையாட்டுச் சேனலில் அவளுக்கு வேலையே, டென்னிஸ் ஆட வரும் பெண்களின் பின்னணியைத் தோண்டியெடுத்துக் குறிப்பெழுதி வர்ணனையாளர் கையில் கொடுப்பதுதான். ஆறு வருடத்தில் சொந்தப் பெயர் தேய்ந்துபோய் வேலையின் பெயரே ஒட்டிக்கொண்டது. இதுவரை பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்தப் பெரிய போட்டியில் கஷ்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒருத்தி மாவு மில் சுவரில் பந்தடித்துப் பழகியவள். இன்னொருத்தியின் அம்மா நாலு வீட்டில் துணி துவைத்தவள். இவர்கள் ஆடினால் ஜனங்கள் ஸ்கோரை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவில் வந்த சோப்பு விளம்பரத்தையும் அதே ஈரத்தோடு பார்த்தார்கள்.

இன்றைக்குக் கால் இறுதி ஆடப்போகிறவளிடம்தான் சிக்கல். தரவரிசையில் நூற்று நாற்பத்து மூன்றாவது இடம். இவ்வளவு தூரம் வருவாள் என்று யாரும் நினைக்காததால் யாரும் அவளைத் தோண்டவில்லை. இப்போது தோண்டினால், அப்பா பல் டாக்டர், அம்மாவும் பல் டாக்டர், வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தமாக ஒரு டென்னிஸ் கோர்ட்.

காலையில் பின்னணி அந்த அப்பாவிடமே போனில் துருவித் துருவிக் கேட்டாள். "சின்ன வயசுல ஏதாவது கஷ்டப்பட்டாங்களா சார்?"

"ஒரு தடவை டான்சில் ஆபரேஷன் பண்ணினோம்." அவர் பெருமூச்சு விட்டார். "உள்ளதைச் சொன்னா ஒருத்தரும் சீண்ட மாட்டேங்கறாங்கம்மா. கால் இறுதிக்கே வந்தாச்சு, சட்டையில ஒட்டிக்க ஒரு கம்பெனி பேர்கூட கிடைக்கல."

டான்சிலை வைத்துக்கொண்டு ஊரை அழ வைக்க முடியாது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். "ரெண்டு மணிக்கு ஆட்டம். அதுக்குள்ள நல்ல கஷ்டமா ஒண்ணு எழுதும்மா. இல்லேன்னா அடுத்த போட்டிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

பின்னணியின் வீட்டில் வேலை போன கணவன், படுத்த படுக்கையாய் மாமியார், ஸ்கூல் போகும் இரண்டு பிள்ளைகள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்தக் கஷ்டத்துக்குக் குறிப்பெழுத எந்தச் சேனலிலும் ஆள் இல்லை.

பின்னணி ஜன்னல் வழியே பார்த்தாள். தெருவில் ஒரு பஸ் போனது. உட்கார்ந்து எழுதிவிட்டாள்.

அப்பா பஸ் டிரைவர். கடைசி நிறுத்தத்தில் பயணிகளெல்லாம் இறங்கிய பிறகு, காலி பஸ்ஸில் மகளை மட்டும் உட்காரவைத்து, மூன்று மைல் தள்ளியிருந்த மைதானத்துக்கு ஓட்டிப்போவார். மேலதிகாரியிடம் மாட்டித் திட்டு வாங்கிய அன்றும் ஓட்டிப்போனார்.

தயாரிப்பாளர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். உண்மையா என்று கேட்கவில்லை. "பஸ்ல ஒரு ஜன்னல் உடைஞ்சிருக்கட்டும்" என்றார்.

வர்ணனையாளர் முதல் செட்டில் ஒரு முறை பஸ்ஸை ஓட்டினார். இரண்டாவது செட் கைநழுவியபோது இரண்டு முறை ஓட்டினார். மூன்றாவது செட்டில் பஸ்ஸை விட்டு அவர் இறங்கவே இல்லை. பெண் ஜெயித்துவிட்டாள்.

கோர்ட்டிலேயே மைக்கை நீட்டினார்கள். "ஜன்னல் உடைஞ்ச பஸ்ஸுல அப்பா உங்களை மட்டும் ஏத்திக்கிட்டுப் போவாராமே?"

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. ஸ்டுடியோவில் பின்னணிக்கு மட்டும், பெண் சிரிக்கிறாளோ என்று சந்தேகம் வந்தது.

அரை மணி நேரத்தில் அவள் மேசை மேல் போன் அடித்தது. பல் டாக்டர்.

"க்ளினிக்ல இருக்கேன்மா. பேஷண்ட் ஆன்னு வாயைத் திறந்து வெச்சிருக்கார். எதிர்ல டிவியில நான் பஸ் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"தப்புதான் சார். வேலை போயிடுமேன்னு பயந்து எழுதிட்டேன்."

"முப்பது வருஷம். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் பல்லுப் பிடுங்கியிருக்கேன். எல்லாரும் போன் பண்ணிக் கேக்கறாங்க."

"இப்பவே திருத்தம் போடச் சொல்றேன் சார். மன்னிப்பும் கேக்கச் சொல்றேன்."

"திருத்தமெல்லாம் வேண்டாம்."

திருத்தம் வேண்டாம் என்றால் வக்கீல் நோட்டீஸ்தான். தயாரிப்பாளர் கை காட்டப்போவது அவளைத்தான். "பிள்ளைகுட்டிக்காரி சார். பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க. வேற என்ன சொன்னாலும் செய்யறேன்."

"செய்வீங்கல்ல?"

"செய்யறேன் சார்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பஸ் கதையைக் கேட்டு ஒரு ஷூ கம்பெனி பொண்ணை விளம்பரத்துக்குப் புடிச்சிருக்கு. நாளைக்கு எங்க வீட்டைப் படம் எடுக்க வர்றாங்க. ரெண்டு நாளைக்கு வாடகைக்கு, நல்லா ஒழுகற வீடா ஒண்ணு பாத்துக் குடுங்கம்மா."