கழற்றாத மாலை

குருசாமியின் கை கழுத்தருகே வந்ததும் அவன் மாலையைப் பிடித்துக்கொண்டான்.

மலைக்குப் போய் வந்தாகிவிட்டது. மற்றவர்கள் கழுத்திலிருந்து கழன்ற துளசிமணி மாலைகள் ஊர்க் கோயிலில் பிள்ளையார் முன்னால், பித்தளைத் தட்டில், பாலில் கிடந்தன. மிச்சம் அவனுடையது ஒன்றுதான்.

கழற்றியவர்கள் நேரே சலூனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் கார்த்திகை முழுக்க வளர்ந்த தாடி. சொறிந்து சொறிந்து சிரித்தார்கள்.

அவன் முகம் மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

விரதம் பாதி ஆனபோதே குருசாமி பிடித்துவிட்டார். பஜனை வீட்டில் எல்லோர் முன்பும் கேட்டார்.

"கன்னிசாமி, விரதத்துல சவரம் பண்ணிக்கிறீங்களா? தப்புங்க சாமி."

"தாடி வளந்தா அரிப்பு தாங்கலைங்க சாமி" என்று தோப்புக்கரணம் போட்டான். அன்றைக்கே ஒரு ரேசர் வாங்கிவந்து குளியலறை மாடத்தில், பார்ப்பவர் கண்ணில் படும்படி வைத்தான். அது இன்றுவரை நனையவில்லை.

ஐயப்பனுக்கே பொய். ஆனாலும் உண்மைக்கு அது எவ்வளவோ தேவலை.

போன வருடம் பைக்கிலிருந்து விழுந்தான். தலையில் அடி, ஆனால் ஒரு தையல்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள்.

போகவில்லை.

மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் பட்டிருந்தது அடி. நின்றால் மயக்கம், உட்கார்ந்தால் தூக்கம். தறியில் சோம்பேறி என்று பேர் வாங்கிய பிறகுதான் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். காலையில் ஒரு மாத்திரை, மதியம் ஒன்று, ஆயுசுக்கும். விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். மாத்திரை போட்டதும் எழுந்து நடமாடினான்.

தாடி திரும்பவில்லை. வேறு சிலதும் திரும்பவில்லை. ஆசை என்று ஒன்று இருந்தது நினைவிருந்தது. இருந்த இடம்தான் தெரியவில்லை.

டாக்டர் கேட்கத்தான் செய்தார்.

"வீட்ல ரெண்டு பேருக்கும் எப்படிப் போகுது? அந்த விஷயத்துல குறை இருந்தாச் சொல்லுங்க. இந்த அடியால அதுவும் வரும். அதுக்கு ஊசி இருக்கு."

மனைவி வெளியே, மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அம்மா.

"அதெல்லாம் ஒண்ணும் குறையில்லைங்க சார்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அடுத்த தடவையும் அம்மா வந்தாள். தனியாகப் போன தடவை வாய் வரவில்லை.

மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் கை மேலே பட்டால் தூங்குவதுபோல் கிடந்தான். பிறகு அந்தக் கை வருவதை நிறுத்திவிட்டது. தன்னைத்தான் பிடிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். தொட்டில் கட்ட முடியாத வீடு என்று அம்மா முனகியதும் அவளைப் பார்த்துத்தான். இரண்டும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை, பாவி.

அப்போதுதான் கார்த்திகை வந்தது.

கட்டினவனே ஆனாலும் மாலை போட்டால் சாமி. அவனுக்குக் கூடத்து மூலையில் தனிப் பாய். அவள் "ஏனுங்க" என்பதை விட்டுவிட்டு, "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். மேலே படாமல் தட்டை நகர்த்தி வைத்தாள். யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாக அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

"பேரனுக்கு வேண்டிக்கிட்டு வாங்க சாமி" என்று அம்மா சொல்லி அனுப்பினாள்.

மலையில் எல்லோரும் என்னென்னவோ கேட்டு அழுதார்கள். அவனால் அங்கேயும் கேட்க முடியவில்லை. பக்கத்தில் குருசாமி நின்றிருந்தார்.

இன்று காலை ஊர் வந்து இறங்கியபோது அவன் பாய் வாசல் கொடியில் தொங்கியது. அலசிப் போட்டிருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். சொம்புத் தண்ணீரோடு வந்தவள், மாலை இன்னும் கழுத்தில் இருப்பதை மறந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க, இப்படி இளைச்சுட்டீங்க."

அந்த ஒரு "ஏனுங்க"வுக்குப் பயந்துதான் இப்போது மாலையைப் பிடித்திருந்தான்.

"என்னங்க சாமி?" என்றார் குருசாமி.

"கெடக்கட்டுங்க சாமி. மகர ஜோதிக்கும் வர்றேன்னு வேண்டியிருக்கேன். அப்புறம் மாசாமாசம்."

குருசாமி அவனையே பார்த்தார். பிறகு, அத்தனை வயதானவர், குனிந்து அவன் காலைத் தொட்டார்.

"இதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கோணும்."

சரணம் போட்டார்கள். மனைவியோடு கோயில் வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனைவி கும்பிடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு முடிகூட முளைக்காத கன்னத்தைப் பார்த்தாள்.

கேட்டுவிடு, ஒரே ஒரு தடவை கேட்டுவிடு, சொல்லிவிடுகிறேன் என்று அவன் மனசு கெஞ்சியது.

அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அவன் போனபோது இலை போட்டிருந்தது. மதிய மாத்திரை ஓரமாக இருந்தது. சாப்பிட்டு முடித்தான். அவள் கொடியிலிருந்து பாயை எடுத்துவந்தாள். ஓரம் இன்னும் காயவில்லை. கூடத்து மூலையில் விரித்து, சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவினாள்.

நிமிராமலே சொன்னாள்.

"பாய் போட்டாச்சுங்க, சாமி."