பெயர் கேட்காத பட்டன்

கம்பெனி சூப்பர்வைசர் லட்சுமணன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த நாலு வயது மகள் விடாமல் இருமிக்கொண்டிருக்க, வாசலில் நின்ற பீம்ராவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"உன் பொண்டாட்டி ஆரம்பிச்சிருக்கிற வெப்சைட்ல எவன் பேரு வந்தாலும் சரி, மறுநாள் அவனுக்கு கேட் பாஸ் கிடையாது. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

பீம்ராவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பெனியில் அவன் கான்ட்ராக்ட் ஆள். அதை விட்டால் எண்ணூரில் வேறு போக்கிடம் கிடையாது.

அவன் மனைவி யசோதராவுக்கும் பயம்தான். ஆனால் விடிந்தால் கம்பெனிப் பக்கமிருந்து வரும் புகைக் காற்றை நினைத்தால் அதைவிடப் பயம். ஐம்பது வீட்டுப் புகார் சேர்ந்தால் நேரில் வந்து பார்க்கிறோம் என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்த வெப்சைட். பத்து நாளில் நானூறு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். புகார் பட்டனை அமுக்கியவர் ஒருவர்கூட இல்லை.

கண்ணில் படவில்லையோ என்று சிவப்பாக்கினாள். பெரிதாக்கினாள். ம்ஹூம்.

கடைசியில் பக்கத்து வீட்டு ஜீனத்திடமே போனை நீட்டி, ஏன் யாரும் அமுக்கவில்லை என்று கேட்டாள்.

"புகார் செய்கன்னு போட்டுக்கீற. உள்ள போனா மொத கேள்வியே பேரு இன்னா, நம்பர் இன்னான்னு கேக்குது. எங்கூட்டுக்காரரும் அங்கதானே வேலைக்குப் போறாரு. பயமா கீது யசோ."

யசோதராவுக்கு உறைத்தது. எத்தனை வீடு என்பதுதானே அதிகாரிக்கு வேண்டும்? பெயரையும் நம்பரையும் தூக்கினாள். தெரு மட்டும் சொன்னால் போதும், வேறு ஏதாவது எழுதுவது அவரவர் இஷ்டம். பட்டனிலிருந்து புகார் என்ற சொல்லே போய், 'வீட்ல யாருக்காவது மூச்சுத் திணறுதா? இங்க தொடுங்க' என்று வந்தது. கீழேயே, 'உங்க பேரைக் கேக்க மாட்டோம்.'

மறுநாள் காலை போன் சிணுங்கியது. முதல் ஆள் வந்தாயிற்று என்று ஆசையாக எடுத்தவள், தெருவைப் பார்த்ததும் போனைப் பீம்ராவிடம் காட்டினாள்.

கம்பெனி குவார்ட்டர்ஸ். அங்கே குடும்பத்தோடு இருப்பது லட்சுமணன் ஒருவர்தான்.

"மாட்டிக்கினோம். நம்மள வேவு பாக்குறாரு. மூடிடு யசோ," என்றான் பீம்ராவ்.

மூடப் போனவள், கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"பொண்ணுக்கு நாலு நாளா மூச்சு வாங்குது. யாரையாவது சீக்கிரம் வரச் சொல்லுங்க. நான்தான் அமுக்கினேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மறுநாள் எனக்கும் கேட் பாஸ் கிடையாது."