மாடியில் குவாண்டம்

மூடி போட்ட பாத்திரத்தோடு மனைவி மாடிப்படி ஏறுவதைச் செய்தித்தாளுக்கு மேலாக ஓரக்கண்ணால் பார்த்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. எதிரிக்குச் சொந்த அடுப்பிலிருந்தே சாப்பாடு போகிறது. உருப்பட்ட மாதிரிதான்.

எதிரி என்றால், மாடியில் குடியிருக்கும் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். வாடகையைத் தேதி தவறாமல் கொடுப்பாள், குரல் உயர்த்திப் பேசமாட்டாள். அவள் செய்த ஒரே குற்றம், குவாண்டம் கணினி செய்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பது.

குடி வந்தபோது அது என்ன கணினி என்றே அவருக்குத் தெரியாது. மூன்று மாதம் முன்னால் பேப்பரில் படித்தார். அந்தக் கணினி முழுசாக வந்துவிட்டால் பிட்காயின் என்கிற இணையக் காசின் பூட்டையே உடைத்துவிடுமாம். படித்த நிமிஷத்திலிருந்து மாடிப் பெண் அவருக்கு எதிரியாகிவிட்டாள்.

ஆகமாட்டாளா பின்னே? பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், கண்ணாடிக்குக் காசில்லாத ஒரு மாணவன் கொடுத்துவிட்டுப் போன பிட்காயின் இருபது, இன்றைக்குப் பல கோடி பெறும், அவரிடம் அப்படியே கிடக்கிறது. அறுபது வயது வரைக்கும் அதைத் தொடுவதில்லை என்று ஒரு பிடிவாதம். வருகிற மாதம் அறுபது. விற்றுவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, இனி எவன் கண்ணையும் பரிசோதிக்காமல் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அந்த ஒரு ஆசையில்தான் அவர் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் தன்னால் முடிந்த இடைஞ்சலையெல்லாம் செய்து பார்த்தார். அவள் படிக்கும் நேரம் பார்த்து ரேடியோவை அலறவிட்டார். தண்ணீர் மோட்டாரைப் போட 'மறந்தார்'. கண் எரிகிறது என்று கடைக்கு வந்தவளிடம், "ஒரு வருஷம் கம்ப்யூட்டர் பக்கமே போகாதம்மா, லீவு போட்டுடு" என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்.

மனைவியோ நேர் எதிர். பேப்பர் படித்த அன்றைக்குத்தான் முதல்முதலாக அவளிடம் பிட்காயின் சங்கதியை, அதன் சாவியை ஒளித்து வைத்த இடம் உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே பாத்திரமும் கையுமாகப் படியேற ஆரம்பித்தாள்.

கூடத்துச் சுவர்க்கடிகாரம் பத்து அடித்தது. வருஷக்கணக்காகப் பத்து நிமிஷம் பின்தங்கியே ஓடின கடிகாரம், சில மாதமாக ஒரு நிமிஷம்கூடப் பிசகுவதில்லை. நல்ல காலம் பிறக்கப் போகிறது என்று அவருக்கு அதில் ஒரு திருப்தி.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பூனை மாதிரி மாடிக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"எப்படியாவது சீக்கிரம் முடிச்சிடும்மா," மனைவியின் குரல் கெஞ்சியது. "லீவு நாள்ல வேலைக்குப் போறதா இருந்தாலும் சொல்லு, டிபன் கட்டித் தர்றேன்."

அவருக்கு உச்சந்தலை சுட்டது. உள்ளே போய் நின்றார்.

"டிபன் மட்டும் போதுமா? அப்படியே அந்த மெஷினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெயும் போட்டுட்டு வாயேன். கட்டின புருஷன் தெருவுல நின்னாத்தான் உனக்கு நிம்மதி!"

மாடிப் பெண் திருதிருவென்று விழித்தாள். அவர் இருபது பிட்காயினையும், பேப்பர் செய்தியையும், மூன்று மாதப் பயத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

"இதுக்கா அங்கிள் மோட்டார் போடல?" அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பேப்பர்ல போட்டது சரிதான். பெரிய மெஷின் வந்துட்டா, சாவி இல்லாமலே பழைய பூட்டைத் திறந்துடலாம்னு கணக்கு சொல்லுது. ஆனா அதுக்கு ரொம்ப நாளாகும்."

"எத்தனை வருஷம்மா ஆகும்?" என்று மனைவி குறுக்கே கேட்டாள்.

"பத்தோ, பதினஞ்சோ. யாராலயும் உறுதியா சொல்ல முடியாது ஆன்ட்டி."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் முகம்தான் ஏனோ தொங்கிப்போயிற்று.

"அதுக்குள்ள புதுப் பூட்டு வந்துடும், நீங்க மாத்திக்கலாம். பயமா இருந்தா இன்னிக்கே வித்துடுங்க அங்கிள். எதுக்கும் உங்க சாவி வேணும், அவ்வளவுதான். அது தொலைஞ்சா மொத்தக் காசும் போச்சு. சாவின்னா அந்த இருபத்துநாலு ரகசிய வார்த்தைதான், எழுதின பேப்பர் வெச்சிருக்கீங்கல்ல?"

"வெச்சிருக்கேனாவா?" அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எந்தத் திருடனுக்கும் தோணாத இடத்துல வெச்சிருக்கேன். அறுபதாவது, அம்பத்தொம்பதாவது எல்லாம் கிடக்கட்டும், இன்னிக்கே வித்துடுறேன். இனிமே உனக்கு நாள் பூரா மோட்டார் ஓடும், போ."

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அந்த இருபத்துநாலு வார்த்தையையும் எழுதி, அதன் முதுகுப் பலகைக்குள் அவர்தான் ஒட்டி வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒருமுறை தூசி துடைக்கிற மனைவியைத் தவிர அதன் மேல் வேறு யார் கையும் பட்டதில்லை.

பின்னாலேயே ஓடிவந்த மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல கீழ இறங்கி உட்காருங்க."

"ஏன், என்னாச்சு?"

"இது அதே மாதிரி நான் வாங்கி மாட்டினதுங்க. பழைய கடிகாரம் துடைக்கும்போது கை தவறி நொறுங்கி, குப்பைக்குப் போய் ஆறு மாசமாச்சு."